தவணை இல்லாத பிரிவு
சீன உள்நாட்டுப் போரில் மனைவி மக்களைப் பிரிந்த சிப்பாய்கள்

உயர்தர வகுப்பில் முல்லைத் திணையைப் படிப்பிக்கும்போது ஒரு விடயத்தை நான் தவறாமல் சொல்வதுண்டு. தலைவன் போருக்குப் போகிறான். போகிறவன் சும்மா போவதில்லை. கார்காலம் தொடங்குவதற்குள் வந்துவிடுவேன் என்று ஒரு தவணை சொல்லிவிட்டுப் போகிறான். தலைவி அந்தத் தவணையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். அதனால்தான் முல்லைக்கு 'இருத்தல்' உரிப்பொருளானது. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டின் முழுக் கதையும் இதுதான். வீட்டில் முதிய பெண்கள் தலைவிக்காக நற்சொல் கேட்கப் போகிறார்கள். கட்டிக் கிடக்கும் கன்றுக்கு, உன் தாய் இப்போது வந்துவிடும் என்று ஓர் இடைப்பெண் சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. பாசறையில் அரசன் உறக்கம் இல்லாமல் காயப்பட்ட யானைகளையும் வீரரையும் நினைத்திருக்கிறான். கடைசியில் மழையோடு தேரும் வந்து சேர்கிறது.

ஒரு தடவை இதைச் சொல்லி முடித்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்:

"சேர், மழையும் வந்து, ஆளும் வராட்டி அது என்ன திணை?"

பாலை என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அதுவும் சரியில்லை. பாலையில் பிரிந்து போகிறவனும் பொருள் தேடிக்கொண்டு ஒரு நாள் திரும்பி வருகிறவன்தான். தவணையே இல்லாத பிரிவுக்கு நம் ஐந்திணையில் இடம் எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடு சில நாட்கள் திரிந்தபோது, முன்பு வாசித்திருந்த சீனத்துச் சிப்பாய்களின் கதை நினைவுக்கு வந்தது. அவர்களில் பலருக்கு முப்பத்தெட்டுக் கார்காலம் போயும் ஊருக்கு வழி பிறக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

போர் முடிந்தது, முடியவில்லை

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். சீனாவில் கோமிந்தாங் எனப்பட்ட தேசியவாதக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் இடையிலான சண்டை 1927இல் தொடங்கியது. 1937இல் ஜப்பான் முழு அளவில் படையெடுத்ததால் இடையில் அது அடங்கியிருந்தது. 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகு மீண்டும் மூண்டது. 1949 ஏப்ரலில் தேசியவாதிகளின் தலைநகரான நான்ஜிங் வீழ்ந்தது. மே மாதம் ஷங்ஹாய். ஒக்டோபர் 1ஆம் திகதி பீஜிங்கில் மா சே துங் மக்கள் சீனக் குடியரசைப் பிரகடனம் செய்தார். டிசம்பரில் சியாங் கை ஷேக்கின் அரசாங்கம் தாய்வான் தீவுக்கு இடம்பெயர்ந்தது.

1895 முதல் 1945 வரை ஐம்பது வருடம் ஜப்பானியரின் கையில் இருந்த தீவு அது. அங்கே அப்போது ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் மத்தியில் சில வருடங்களுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெருநிலத்திலிருந்து வந்து இறங்கினார்கள். அவர்களில் சுமார் ஆறு இலட்சம் பேர் படையினர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

நடுவில் இருந்த கடல் ஒன்றும் பெருங்கடல் அல்ல. தாய்வான் நீரிணை ஒடுங்கிய இடத்தில் 130 கிலோமீற்றர் அளவுதான். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் தூரத்தைவிடச் சற்றுக் கூட. அந்தக் கடலை 1949இல் கடந்தவர்கள் சில மாதத்தில் திரும்பலாம் என்றே நம்பினார்கள். யுத்தம் முடிந்ததென்று எந்த உடன்படிக்கையும் கைச்சாத்தாகவில்லை. இரு பக்கமும் தன்னையே முழுச் சீனத்தின் அரசு என்றது. ஆகவே எல்லை மூடியபடியே கிடந்தது. தபால் இல்லை, கப்பல் இல்லை, தொலைபேசி இல்லை.

பெரிய அதிகாரிகளும் வசதி உள்ளவர்களும் பெரும்பாலும் மனைவி பிள்ளைகளோடு வந்தார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அவர்களில் கணிசமானோர் விரும்பிப் படையில் சேர்ந்தவர்களும் அல்லர். வயலில் நின்றவனையும் சந்தைக்குப் போனவனையும் பின்வாங்கும் படை பிடித்துக்கொண்டு போனது. அப்படிப் பிடிபட்டவர்களின் கதையை ஒரு கிராமத்தை வைத்துச் சொல்வது விளங்குவதற்கு இலேசு.

147 ஆண்கள்

பூஜியன் மாகாணத்தின் தென் கரையில் தொங்ஷான் என்று ஒரு தீவு இருக்கிறது. மீன்பிடியும் தோட்டமும் செய்து பிழைக்கும் மணற்பாங்கான ஊர். 1950 மே மாதம், கம்யூனிஸ்ட் படை அந்தத் தீவை நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்வானுக்குப் பின்வாங்கிய கோமிந்தாங் படை போகும்போது தீவிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைக் கப்பலேற்றிக்கொண்டு போனது. தொங்போ என்ற ஒரே கிராமத்திலிருந்து மட்டும் 147 பேர் போனார்கள். பதினேழு வயதுப் பையனும் அவர்களில் இருந்தான். ஐம்பது தாண்டியவரும் இருந்தார். 91 பேர் திருமணம் முடித்தவர்கள்.

ஒரு கிராமத்தில் ஒரே நாளில் 91 பெண்கள் கணவர் இல்லாதவர்கள் ஆனார்கள். அக்கம்பக்கத்தார் தொங்போவை 'விதவைகள் கிராமம்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் உண்மையில் பிழை. அவர்களில் யாரும் அன்று விதவையாகவில்லை. கணவர் உயிரோடு இருக்கிறார், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கடிதம் வராது, காசு வராது. விதவைக்குக் கிடைக்கும் அனுதாபமும் இல்லை, மனைவிக்கு உள்ள ஆதரவும் இல்லை. இந்த நடுநிலைமைக்குச் சீன மொழியிலும் சரியான சொல் இருக்கவில்லை போலும்; கிடைத்த சொல்லை வைத்து அழைத்தார்கள்.

ஊர் வைத்த பெயரைவிட ஆபத்தானது அரசாங்கம் வைத்த பெயர். சில நாட்களில் தீவு கம்யூனிஸ்ட் படையின் கைக்கு வந்தது. புதிய ஆட்சியின் கணக்கில் கணவன் சியாங் கை ஷேக்கின் சிப்பாய். ஆகவே மனைவியும் பிள்ளைகளும் 'எதிரிப்படையின் குடும்பம்'. அந்தக் காலச் சீனாவில் இந்தப் பெயர் ஒருவரின் கோப்பில் ஏறினால் அதன் பாரம் இலேசில் இறங்காது. காணிப் பங்கீட்டிலும், பிள்ளையின் படிப்பிலும் தொழிலிலும், கலியாணப் பேச்சிலும் அது குறுக்கே நிற்கும்.

தொங்ஷானில் நடந்தது வேறு. அங்கே பொறுப்புக்கு வந்த அதிகாரிகளில் கு வென்சாங் என்பவர் ஒருவர். ஹெனான் மாகாணத்துக்காரர், படையோடு வந்து தீவில் இறங்கியவர். இந்தப் பெண்களின் நிலைமையைப் பார்த்துவிட்டு, இவர்களை எதிரிப்படையின் குடும்பம் என்று பதியக்கூடாது என்று அவர் வாதாடினார். கணவரைப் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள், இதில் இவர்கள் செய்த குற்றம் என்ன என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. மேலிடமும் ஒப்புக்கொண்டது. 'படைப் பேரிடரால் பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று பெயர் மாறியது. வெள்ளத்தாலோ வரட்சியாலோ பாதிக்கப்பட்ட குடும்பம் என்று நாம் சொல்வதில்லையா, அதே மாதிரி.

மாற்றியது ஒரு சில சொற்கள்தான். ஆனால் 'எதிரி' என்ற பெயரில் இருப்பவருக்கு நிவாரணம் கொடுக்க முடியாது. 'பாதிக்கப்பட்டவர்' என்ற பெயரில் இருப்பவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். வறிய குடும்பங்களுக்கு உதவி கிடைத்தது. பிள்ளைகள் எல்லாரும் பிடிபட்டுப் போனதால் தனித்துப்போன முதியவர்களைப் பராமரிக்க ஏற்பாடு செய்தார்கள். தீவின் மணல் வீச்சைத் தடுக்கச் சவுக்கு மரங்களை நட்டு வளர்த்தவர் என்றும் கு வென்சாங்கைச் சீனாவில் இன்றும் நினைவுகூருகிறார்கள். என்னைக் கேட்டால், மரங்களைவிட அந்தப் பெயர் மாற்றமே அவர் செய்த பெரிய காரியம்.

எல்லா ஊருக்கும் ஒரு கு வென்சாங் கிடைக்கவில்லை. மற்ற மாகாணங்களில் தாய்வானுக்குப் போனவர்களின் மனைவிமார் பல வருடம் சந்தேகத்தின் கீழ் வாழ்ந்தார்கள். 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின் பத்து வருடங்களில் அந்தச் சந்தேகம் உச்சத்துக்குப் போனது. கணவரின் படத்தை எரித்தவர்களும், மணமுறிவு பெற்றவர்களும், பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக வேறொருவரைத் திருமணம் முடித்தவர்களும் உண்டு. காத்திருந்தவர்களைப் போற்றி எழுதுவது எழுத்தாளருக்குச் சுகமான வேலை. காத்திருக்க முடியாமல் போனவர்களை நாம் குறைவாக எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

ஐந்து வருடத் தவணை

இனி அக்கரைக்குப் போவோம். தாய்வானில் இறங்கிய சிப்பாய்க்கு ஒரு தவணை சொல்லப்பட்டது. முதல் வருடம் ஆயத்தம், இரண்டாம் வருடம் எதிர்த்தாக்குதல், மூன்றாம் வருடம் துடைத்தெறிதல், ஐந்தாம் வருடம் வெற்றி என்பது சியாங் கை ஷேக்கின் வாக்குறுதி. ஆக, ஐந்து வருடத்தில் வீட்டுக்குப் போகலாம். முல்லைத் தலைவனும் தவணை சொன்னான். ஆனால் தன் தவணையைத் தானே சொன்னான். இங்கே தவணையைச் சொன்னது அரசாங்கம், நம்பியது சிப்பாய்.

இந்தத் தவணையின் மேல் ஒரு சட்டமும் கட்டப்பட்டது. 1952இல் வந்த படையினர் திருமணச் சட்டத்தின்படி சாதாரணச் சிப்பாய்கள் பணியில் இருக்கும்போது திருமணம் முடிப்பது தடை செய்யப்பட்டது. அரசின் நியாயம் விளங்குகிறது: நாளை போர்முனைக்குப் போகப்போகிறவனுக்குக் குடும்பம் பாரம், அத்தோடு இத்தனை பேரின் குடும்பத்துக்கும் சம்பளம் கொடுக்க அரசிடம் காசும் இல்லை. ஆனால் நாளை வரவில்லை. ஊரில் மனைவி இருப்பவன் அவளிடம் போகவும் முடியாது; மனைவி இல்லாதவன் புதிதாக ஒரு குடும்பம் தொடங்கவும் முடியாது. 1950களின் இறுதியில் இந்தத் தடை தளர்ந்தபோது பலருக்கு இளமை போய்விட்டது. கையில் காசும் இல்லை, மொழியும் வேறு, உள்ளூரில் பெண் கொடுப்பாரும் குறைவு. பெரும் எண்ணிக்கையான சிப்பாய்கள் கடைசிவரை தனிக்கட்டையாகவே இருந்து மூப்படைந்தார்கள்.

இன்னொரு காகிதமும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பெருநிலத்தை மீட்டபின் ஒவ்வொரு வீரனுக்கும் அங்கே காணி தரப்படும் என்று உறுதி கூறும் அத்தாட்சிப் பத்திரம். அதைப் பெட்டிக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தவர்கள் அநேகம். 1990களில் அரசு அந்தப் பத்திரங்களைக் காசு கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாற்பது வருடத் தவணை அவ்வாறு கணக்குத் தீர்க்கப்பட்டது.

படையிலிருந்து விலகியவர்களுக்கு வேலை கொடுக்க 1954இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தாய்வானின் நடுமலைகளைக் குறுக்கறுத்துச் செல்லும் பெருந்தெருவை 1956 முதல் 1960 வரை வெட்டியவர்கள் பெரும்பாலும் இந்தப் பழைய சிப்பாய்களே. வெடிமருந்தும் உளியும் கொண்டு வெட்டிய அந்த வேலையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தரோக்கோ மலைப்பிளவில் அவர்களுக்காக ஒரு நினைவாலயம் இருக்கிறது. இறந்தவர்களில் எத்தனை பேரின் மனைவிமாருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். செய்தி அனுப்பத் தபாலே இல்லாத காலம் அது.

இந்தச் சிப்பாய்கள் மத்தியில் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. தேசியவாதப் படையின் புகழ்பெற்ற தளபதிகளில் ஒருவரும், 1946இல் பாதுகாப்பு அமைச்சரானவருமான பாய் சோங்ஷி ஒரு முஸ்லிம். அந்த இடப்பெயர்வில் சுமார் இருபதாயிரம் முஸ்லிம்கள் தாய்வானுக்கு வந்தார்கள் என்பது வழக்கமான மதிப்பீடு. 1960இல் திறக்கப்பட்ட தாய்பே பெரிய பள்ளிவாசல் அவர்களின் முயற்சியால் எழுந்தது. ஆனால் வந்தவர்களில் ஆண்களே அதிகம், முஸ்லிம் பெண்கள் குறைவு. சமூகத்துக்கு வெளியே குடும்பமானவர்களின் பிள்ளைகளில் பலர் மார்க்கத் தொடர்பு அறுந்து போனார்கள். ஒரு பிரிவு ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை, அடுத்த தலைமுறையின் அடையாளத்தையும் தொடும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

கடிதமும் கடலும்

1949 மே மாதம் தாய்வானில் பிரகடனமான இராணுவச் சட்டம் 1987 ஜூலை வரை நீடித்தது. பெருநிலத்தில் உள்ளவரோடு தொடர்பு வைத்தால் உளவாளி என்ற சந்தேகம் வரும். ஆகவே துணிந்தவர்கள் மட்டும் சுற்றுவழியில் கடிதம் அனுப்பினார்கள். ஹொங்கொங்கிலோ ஜப்பானிலோ அமெரிக்காவிலோ உள்ள ஒருவருக்கு ஒரு கடிதம். அவர் அதை வேறு உறையில் போட்டு ஊருக்கு அனுப்புவார். மறுமொழியும் அதே வழியில் வரவேண்டும். அப்படி வரும் முதல் கடிதத்தில் என்ன இருக்கும்? உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிப் பல வருடம் என்ற செய்தி இருக்கும். கைவிட்டு வந்த குழந்தைக்கு இப்போது பிள்ளைகள் இருக்கும். மனைவி காத்திருக்கிறாள் என்றோ, இல்லை என்றோ ஒரு வரி இருக்கும்.

கடிதத்துக்கும் பொறுக்காமல் கடலில் இறங்கியவர்களும் உண்டு. இதைப் பற்றிக் காவோ பிங்ஹான் என்பவர் சொன்ன ஒரு சம்பவம் பரவலாக அறியப்பட்டது. அவர் பதின்மூன்று வயதில் தனியே ஊரைவிட்டு ஓடி, தாய்வான் வந்து சேர்ந்து, சட்டம் படித்தவர். 1963இல் கின்மன் தீவில் இராணுவ நீதிபதியாக இருந்தார். கின்மன் தாய்வானின் கையில் இருந்தாலும் பெருநிலத்து ஷியாமென் நகரத்துக்கு எதிரே, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கிடக்கிறது. அங்கே காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவனின் சொந்த ஊர் ஷியாமென். சுகமில்லாத தாய்க்கு மருந்து வாங்கப் போன இடத்தில் படை பிடித்துக்கொண்டு வந்தவன். தாயைப் பார்க்க ஓர் இரவு கடலில் நீந்தினான். நீரோட்டம் அவனைத் திருப்பிக் கின்மன் கரையிலேயே ஒதுக்கியது. அவனோ ஊருக்கு வந்துவிட்டதாக நினைத்துப் பிடிபட்டான். தப்பியோடிய சிப்பாய்க்குச் சட்டத்தில் மரண தண்டனை. அந்தத் தீர்ப்பைத் தான் வழங்கவேண்டி வந்ததாகக் காவோ சொல்லியிருக்கிறார். தாயைப் பிரிந்து வந்த ஒருவர், தாயைத் தேடிப் போன இன்னொருவருக்குத் தண்டனை விதித்தார்.

பிற்காலத்தில் இதே காவோ, தாய்வானில் தனியாக இறந்த பழைய சிப்பாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சாம்பலைப் பெருநிலத்தில் அவரவர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கான காரணத்தை அவரிடம் கேட்க வேண்டியதில்லை.

கதவு திறந்தபோது

1979 ஜனவரி 1ஆம் திகதி பீஜிங், தபால் போக்குவரத்துக்கும் உறவினர் சந்திப்புக்கும் வழி திறக்கலாம் என்று அறிவித்தது. கின்மன் மீதான எறிகணை வீச்சையும் நிறுத்தியது. தாய்பேயின் பதில் மறுப்பாகவே இருந்தது: தொடர்பு இல்லை, பேச்சு இல்லை, விட்டுக்கொடுப்பு இல்லை. இன்னும் எட்டு வருடம் போனது. இதற்குள் சிப்பாய்களுக்கு அறுபது, எழுபது வயது.

1987இல் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த வருட அன்னையர் தினத்தில் பழைய சிப்பாய்கள் 'வீட்டு நினைவு' என்று எழுதிய சட்டை போட்டுக்கொண்டு தாய்பேயில் கூடினார்கள். ஆட்சிக்கு விசுவாசமாக ஆயுள் முழுக்க நின்றவர்கள், தடையை மீறி முதல் தடவை கேட்டது ஆட்சி மாற்றத்தை அல்ல. உம்மாவின் முகத்தை, அது இல்லாவிட்டால் அவரது கப்றை ஒரு தடவை பார்க்க அனுமதியை. ஜூலையில் சியாங் கை ஷேக்கின் மகனான ஜனாதிபதி சியாங் சிங் குவோ இராணுவச் சட்டத்தை நீக்கினார். நவம்பர் 2ஆம் திகதி உறவினரைப் பார்க்கப் போக விரும்புவோரின் பதிவுகளைச் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்கத் தொடங்கியது. மறு வருடம் ஏப்ரலில் தபாலுக்கும் வழி திறந்தது.

போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. வாழ்நாள் சேமிப்பைத் தங்க மோதிரமாகவும் தொலைக்காட்சிப் பெட்டியாகவும் குளிர்சாதனப் பெட்டியாகவும் மாற்றிக்கொண்டு போனார்கள். பலர் நேரே போனது தாயின் அடக்கத்தலத்துக்கு. தொங்போவுக்கும் சிலர் திரும்பினார்கள். வாலிபனாக அனுப்பி வைத்தவளின் வாசலில் கிழவன் ஒருவன் வந்து நின்றான். சிலரோடு தாய்வானில் முடித்த மனைவியும் வந்திருந்தாள்.

இரண்டு மனைவியர், ஒரு வழக்கு

இங்கேதான் இந்தக் கதையின் கடினமான முடிச்சு இருக்கிறது. தாய்வான் சட்டப்படி ஒருவருக்கு ஒரு மனைவிதான். பெருநிலத்தில் திருமணமான ஒருவர் தாய்வானில் இரண்டாவது திருமணம் முடித்திருந்தால் அது செல்லுமா? இது ஒரு வழக்காகவே வந்தது. பூஜியனில் 1940இல் திருமணமான ஒருவர், 1960இல் தாய்வானில் வேறொரு பெண்ணை மணந்தார். முதல் மனைவி பெருநிலத்தில் இருந்தபடியே 1986இல் தாய்வான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் அவர் பக்கமே நியாயம். நீதிமன்றங்களும் இரண்டாம் திருமணத்தை இரத்துச் செய்தன.

வழக்கு அரசியலமைப்புப் பற்றித் தீர்மானிக்கும் உயர் நீதியரசர்களிடம் போனது. 1989 ஜூன் 23ஆம் திகதி அவர்கள் 242ஆம் இலக்க விளக்கத்தை வெளியிட்டார்கள். அதன் சாரம் இது: ஒருதார மணச் சட்டம் சரியானதே. ஆனால் நாட்டின் பேரிடரால் தம்பதியர் பிரிந்து, சேர்ந்து வாழவே வழி இல்லாமல் போன நிலையில் ஏற்பட்ட திருமணம் சாதாரண இருதார மணத்துக்குச் சமமாகாது. பல்லாண்டு காலம் குடும்பமாக வாழ்ந்துவிட்டவர்களின் மணத்தை இரத்துச் செய்வது அவர்களின் வாழ்வுரிமையைப் பாதிக்கும். 1992இல் இரு கரை மக்களின் உறவு பற்றி வந்த சட்டம் இதை விதியாக்கியது. பிரிவின் காரணமாக 1985 ஜூன் 4க்கு முன் மறுமணம் முடித்தவரின் பிந்திய திருமணத்தை இரத்துச் செய்யக் கோர முடியாது என்றது.

ஆனால் அதே சட்டம் இன்னொன்றையும் செய்தது. இறந்தவரின் பெருநில வாரிசுகளுக்குக் கிடைக்கும் சொத்துக்கு இருபது இலட்சம் தாய்வான் டொலர் என்று ஓர் உச்சவரம்பு வைத்தது. நாற்பது வருடம் அவருடைய பெற்றோரையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு இருந்தவளுக்கு இது போதுமா என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. இரண்டு பெண்கள், இருவரிடமும் குற்றமில்லை, ஒருவருக்குக் கொடுக்கும் நியாயம் மற்றவரிடமிருந்து எடுத்ததாகவே இருக்கும்.

இந்த முடிச்சு நம் பிக்ஹ் நூல்களுக்குப் புதிதல்ல. 'மஃப்கூத்', அதாவது இருப்பா இறப்பா என்று தெரியாமல் காணாமற்போனவர், என்று ஒரு தனிப் பாடமே அங்கே இருக்கிறது. மதீனாவில் இரவில் உலா வந்த கலீபா உமர் (ரழி) அவர்கள், படையில் போன கணவனை நினைத்து ஒரு பெண் கவி பாடுவதைக் கேட்டு, மகள் ஹப்ஸா (ரழி) அவர்களிடம் ஆலோசித்துவிட்டு, படைவீரர் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வைத்தார்கள் என்ற அறிவிப்பு நாம் அறிந்ததே. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. காணாமற்போனவரின் மனைவி நான்கு வருடம் பார்த்துவிட்டு, பின்னர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து மறுமணம் முடிக்கலாம் என்ற தீர்ப்பும் அவர்களுடையதே. மாலிகி மத்ஹப் அதை எடுத்துக்கொண்டது. ஹனபி மத்ஹபும், ஷாபிஈ மத்ஹபின் பிந்திய கருத்தும் இன்னும் கடுமையானவை: மரணம் உறுதியாகும்வரை, அல்லது அவரின் வயதொத்தவர் வாழும் காலம் கழியும்வரை பொறுக்க வேண்டும். இந்தக் கடுமையால் பெண்கள் படும் அவதியைப் பார்த்த மௌலானா அஷ்ரப் அலி தானவி போன்ற ஹனபி உலமாக்களே 1930களில் மாலிகி தீர்ப்பின் பக்கம் திரும்பினார்கள். பிரித்தானிய இந்தியாவின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டத்தில் அந்த நான்கு வருடம் இடம்பிடித்தது அதன் பயனே.

சீனத்துச் சிப்பாய் முழுமையான மஃப்கூத் அல்லன். உயிரோடு இருக்கிறான் என்பது தெரிந்த செய்தி. ஆனால் கேள்வி ஒன்றுதான். பிரிவுக்கு ஒரு தவணையை யார் வைப்பது? பிரிந்தவர்கள் தாங்களே வைக்க முடியாதபோது சட்டம் வைக்க வேண்டும், சமூகம் ஒப்புக்கொள்ள வேண்டும். தாய்வான் நீதியரசர்களுக்கு இந்த விடயம் 1989இல் வந்தது. அதற்குள் நாற்பது வருடம் போய்விட்டது.

மாணவிக்கு என்ன சொன்னேன்

இவ்வளவையும் வாசித்த பிறகு அந்த வகுப்பில் கு வென்சாங்கின் கதையைச் சொன்னேன். திணைக்குப் பெயர் கேட்ட பிள்ளைக்குப் பெயர் மாற்றிய ஒருவரின் கதை பொருத்தம் என்று பட்டது. பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். கடைசியில் அதே மாணவி, "அப்ப சேர், அவர் ஆள்களைத் திருப்பிக் கொண்டு வரல்லையே?" என்றாள்.

உண்மைதான். அவர் 1981இல் காலமானார். கதவு திறந்தது 1987இல். போன 147 பேரில் ஒருவரையும் அவரால் கொண்டுவர முடியவில்லை. அவர் செய்தது, அவர்கள் வரும்வரை, அல்லது வராமலே போகும்வரை, வீட்டில் இருந்த பெண்கள் எதிரியென்று ஒதுக்கப்படாமல் வாழ வழி செய்ததுதான். சிப்பாயைத் திருப்பி அனுப்புவது அரசுகளின் கையில் இருக்கிறது. ஆனால் பிரிந்திருப்பவளை என்ன பெயர் சொல்லி அழைப்பது, அவளுக்கு என்ன தவணை வைப்பது, அவள் பிள்ளையை எந்த வரிசையில் இருத்துவது என்பதெல்லாம் ஊரின் கையிலும் இருக்கிறது. இந்தக் கதை இதை வாசிக்கும் நமக்கு எந்தெந்த வாசல்களை நினைவூட்டும் என்று நான் எழுதத் தேவையில்லை.

ஐந்திணையில் அந்த நிலைக்கு ஒரு பெயர் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை என்று மாணவியிடம் ஒப்புக்கொண்டேன். மணி அடித்தது, அடுத்த பாடத்துக்கு எழும்பினோம்.